ஒரு மூட்டை யூரியாவும் மூன்று பரிசுகளும்

1920 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் விழா வழக்கமான விழா அல்ல. போர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த பரிசுகளைச் சேர்த்துவைத்து வழங்கினார்கள். டிசம்பர் 10 அன்று, நோபலின் நினைவு நாளில் நடக்கவேண்டியது கோடையில் நடந்தது. மேடையேறியவர்களில் ஜெர்மானியர்களே மிகுதி. மாக்ஸ் பிளாங்க், மாக்ஸ் ஃபான் லாவே, ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், யோஹானஸ் ஸ்டார்க். அவர்களோடு ஃபிரிட்ஸ் ஹேபர். 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் பரிசு அவருக்கு. காற்றிலிருக்கும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்ததற்காக என்றது பரிசுக் குறிப்பு. விழா உரையும் வேளாண்மை செழிக்கும், மனிதகுலம் நலம் பெறும் என்ற பாதையிலேயே போனது. குளோரின் பற்றி அதில் பேச்சில்லை.

குளோரினைப் பற்றி அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரஸ் அருகே சுமார் ஆறு கிலோமீட்டர் நீளப் போர்முனையில் 5,000க்கும் மேற்பட்ட குளோரின் உருளைகளை ஜெர்மன் படையினர் திறந்துவிட்டார்கள். காற்று சாதகமாக வீசியது. எதிரே பதுங்குகுழிகளில் பிரெஞ்சுப் படையினரும் அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்களும் இருந்தார்கள். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டவர், உருளைகளைப் புதைத்த படைப்பிரிவைப் பயிற்றுவித்தவர், காற்றின் திசைக்காகப் போர்முனையில் நாள்கணக்கில் காத்திருந்தவர் ஹேபர். அப்படிப்பட்டவருக்குப் போர் முடிந்த சூட்டோடு மனிதகுலத்துக்கு நன்மை செய்தவர் என்ற பட்டம். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் கடும் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை.

இந்தக் கதையை நோபல் பரிசின் களங்கம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோபல் வரலாற்றிலேயே ஆழ்ந்து யோசிக்கவேண்டிய பரிசு இதுதான். மனிதகுல நன்மைக்கு விருது கொடுப்பது என்ற காரியம் எவ்வளவு துணிச்சலானது, எவ்வளவு அரைகுறையானது என்பது இதில் தெரிவதுபோல வேறெதிலும் தெரிவதில்லை. விருது என்பது ஒரு கணக்கை முடித்துக் கோடு கிழித்துக் கையெழுத்திடுவது. நன்மையோ வரவும் பற்றும் ஏறிக்கொண்டே இருக்கும் பேரேடு.

ஆல்ஃப்ரெட் நோபல் இதை யோசித்திருந்தாரா என்பது சந்தேகம். 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் அவர் கையெழுத்திட்ட உயிலை வழக்கறிஞர் எவரும் எழுதவில்லை. வழக்கறிஞர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தானே எழுதினார், அதற்கான விலையை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். சொத்தில் 94 சதவீதம், ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் குரோனர், பரிசுக்குப் போயிற்று. உறவினர்கள் எதிர்த்தார்கள். ஸ்வீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கருக்கு அந்நியர்களுக்குப் பணம் போவது பிடிக்கவில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு வந்துசேர்ந்த ராக்னர் சோல்மனுக்கு வயது 26. பாரிஸ் வங்கிகளில் இருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் ரிவால்வரோடு உட்கார்ந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார். (நோபலின் அண்ணன் இறந்தபோது பத்திரிகைகள் ஆள் மாறி இரங்கல் எழுதிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்த வண்டிதான். நன்மைக்கான நிதி துப்பாக்கிக் காவலோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறது.)

உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது. கடந்த ஓராண்டில் மனிதகுலத்துக்குப் பெரும் நன்மை செய்தவருக்கே பரிசு. ஓராண்டு! டைனமைட் வியாபாரியின் கணக்கு அது. ஆண்டு முடிந்தால் லாப நட்டம் தெரிந்துவிடும். நோபல் நிறுவனம் 1900இல் விதிமுறைகளை எழுதியபோதே இதைத் தளர்த்தவேண்டியதாயிற்று. பழைய ஆய்வாக இருந்தாலும் அதன் பெருமை அண்மையில்தான் புலப்பட்டிருந்தால் பரிசளிக்கலாம் என்று சேர்த்தார்கள். அதிலும் இடறினார்கள். டென்மார்க்கின் யோஹானஸ் ஃபிபிகருக்கு 1926ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசு போனது. எலியின் வயிற்றில் புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று கண்டதற்காக. பிறகு பார்த்தால் புழு காரணமே இல்லை. அந்தச் சூட்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் புற்றுநோய் ஆய்வின் பக்கமே குழு தலைவைத்துப் படுக்கவில்லை. கோழியின் கட்டிக்கு வைரஸ் காரணம் என்று 1911இலேயே காட்டிய பெய்ட்டன் ரவுஸ், 1966 வரை காத்திருந்து 87 வயதில் பரிசு வாங்கினார். நம்மவர் சுப்ரமணியன் சந்திரசேகரின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1930இல் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு, பரிசு 1983இல்.

ஹேபருக்குத் திரும்பலாம். பள்ளியில் ‘ஹேபர் முறை’ என்று ஒரு சமன்பாட்டைப் படித்திருப்போம். இரும்பு வினையூக்கி, உயர் அழுத்தம், உயர் வெப்பம் என்று மூன்று மதிப்பெண்ணுக்கு உரிய செய்தி. அதற்குள் இருந்த பதற்றத்தைப் பாடநூல் சொல்வதில்லை. 1898இல் பிரிஸ்டலில் பிரிட்டிஷ் வேதியியலாளர் வில்லியம் க்ரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். கோதுமை உண்ணும் உலகம் நைட்ரஜன் இல்லாமல் பட்டினியை நோக்கிப் போகிறது, சிலி நாட்டுப் பாலைவனத்து வெடியுப்பு தீரும் நாள் தூரத்தில் இல்லை, வேதியியலாளர்தான் காப்பாற்றவேண்டும் என்றார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடப்பதால் பயிரால் அதைத் தொடமுடியாது. பயறு வேரின் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும் இடிமின்னலும் இயற்கையில் செய்துவந்த வேலையை 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூஹ நகரில் மேசைமேல் வைத்த ஒரு கருவி செய்தது. கருவியைக் கட்டியவர் ராபர்ட் லெ ரோசின்யோல் என்ற பிரிட்டிஷ் உதவியாளர். வினையூக்கி ஆஸ்மியம். பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தார் பார்த்துக்கொண்டிருக்க, அம்மோனியா சொட்டுச்சொட்டாக விழுந்தது.

அந்தச் சொட்டைத் தொழிற்சாலையாக்கியவர் அந்நிறுவனத்தின் கார்ல் பாஷ். ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது. அவரோடு பணியாற்றிய அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துக் கடைசியில் இரும்புத் தாதுவில் வந்து நின்றார். அந்தத் தாது வந்தது ஸ்வீடனின் யெல்லிவாரேயிலிருந்து. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு போர். பிரிட்டிஷ் கடற்படை சிலியிலிருந்து வரும் வழியை அடைத்தது. வயலுக்காகப் பிறந்த அம்மோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்தாயிற்று. அது இல்லாவிட்டால் ஜெர்மனி நான்கு ஆண்டுகள் போரிட்டிருக்க முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே ஹேபரின் இருளைக் குளோரினில் மட்டும் தேடுவது எளிய வழி. பரிசு பெற்ற அம்மோனியாவுக்குள்ளேயே அது இருந்தது. விழா நடந்து ஓராண்டு கழிந்து, 1921 செப்டம்பர் 21 அன்று, ஓப்பாவ் ஆலையில் சேமித்துவைத்த உரக்குவியல் வெடித்து 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரம் உரமாகவே இருந்தபோதும் கொன்றது.

ஹேபருடைய வாழ்வின் மற்ற பகுதி பலமுறை நாடகமாகிவிட்டது. மனைவி கிளாரா இம்மர்வார், பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். ஈப்ரஸ் தாக்குதலுக்குப் பத்து நாள் கழித்து கணவரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். விஷவாயுவை எதிர்த்தே அந்த முடிவு என்று மேடைகள் சொல்கின்றன. ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. போருக்குப் பிறகு ஜெர்மனியின் கடனை அடைக்கக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கப் பார்த்தார் ஹேபர், கிடைக்கவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, நாட்டுக்காக எதையும் செய்யத் துணிந்தவர். 1933இல் நாஜி அரசு யூத ஊழியர்களை விலக்கச் சொன்னபோது பதவியை விட்டு வெளியேறினார். 1934 ஜனவரியில் பாசல் நகரில் ஒரு விடுதியில் இறந்தார். அவருடைய ஆய்வகத்தில் பூச்சிகளைக் கொல்லத் தொடங்கிய ஆய்வின் வழிவந்த ஸைக்ளோன் பி, பின்னாளில் நாஜி முகாம்களில் அவர் பிறந்த யூத இனத்தவரையே கொன்றது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்தப் பரிசைத் திரும்பப் பெறவேண்டுமா? நோபல் விதிகளில் அதற்கு இடமில்லை. இருந்தாலும் பெறக்கூடாது என்பதே என் கட்சி. இன்றைய உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உண்ணும் உணவு அந்த வினையை நம்பி நிற்கிறது. நம் தசையிலுள்ள புரதத்தின் நைட்ரஜனில் பெரும்பங்கு ஏதோ ஓர் ஆலையின் உயர் அழுத்தக் கலத்தின் வழியாக வந்தது. மணலியிலும் தூத்துக்குடியிலும் ஓடிய, ஓடுகிற ஆலைகளுக்கும் அதுதான் அடிப்படை. ஹேபர் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. நோபல் கேட்டது நல்லவரை அல்ல, நன்மையை. ஆனால் அந்த நன்மை யாருடைய வயலில், யாருடைய களத்தில், எந்த அளவையால் அளக்கப்படும் என்று 1920இல் ஸ்டாக்ஹோமில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. எனக்குக் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையின் டி.டி.டி. அனுபவத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பொருளின் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் மருத்துவ நோபல். பரிசு கொடுத்த கை தவறு செய்யவில்லை. 1934-35 மலேரியாக் கொள்ளையில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்திருந்தார்கள். டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிய பின், 1963இல் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1968-69இல் நோய் லட்சக்கணக்கானவர்களைத் தாக்கித் திரும்பியது. கொசு இதற்குள் மருந்துக்குப் பழகத் தொடங்கியிருந்தது. 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூலால் மேற்குலகில் டி.டி.டி. என்ற பெயரே வசையாகிவிட்டது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்தான். அதைச் சாதித்ததில் ஊர் ஊராக ரத்தத்துளி எடுத்துச் சோதித்த சுகாதாரப் பணியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்குத் தனித்தனியே பதக்கம் கொடுக்க எந்தக் குழுவாலும் முடியாது. அறிவியல் நோபலை மூன்று பேருக்கு மேல் பகிரக்கூடாது என்பது விதி.

இனி காவிரி டெல்டா. 1960இல் மத்திய அரசு தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்த முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆய்வு நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 குறுவை வயல்களில் பரவியது. அது உரத்துக்கு நன்றாக எழும்பும் நெல். அடியுரம், மேலுரம் என்ற பேச்சு களத்துமேட்டுக்கு வந்தது. ஹேபரின் அம்மோனியா யூரியாவாகி மூட்டையில் இறங்கியது; விளைச்சல் கூடியது.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அப்போது டெல்லியில் இருந்தார். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் பேசியது இன்றைக்கும் படிக்கத்தக்கது. பசுமைப் புரட்சி என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. மண்ணைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாழாகும், மருந்தைக் கண்மூடித்தனமாக அடித்தால் கேடு வரும், நிலத்தடி நீரை அறிவியலின்றி உறிஞ்சினால் வற்றும், ஒரே ரகத்தை ஊரெல்லாம் விதைத்தால் நோய்க்கு வழி திறக்கும் என்று அந்த முயற்சியின் தலைமையில் நின்றவரே எச்சரித்தார். வெற்றி கைக்கு வரும்போதே அதன் பற்றுப் பக்கத்தை எழுதத் தொடங்கியவர் அவர். வேளாண்மைக்கு நோபல் இல்லாத குறையைத் தீர்க்க நார்மன் போர்லாக் முன்கை எடுத்து உருவாக்கிய உலக உணவுப் பரிசு, 1987இல் முதல்முறையாக வழங்கப்பட்டபோது சுவாமிநாதனுக்கே போனது. அந்தப் பணத்தை மூலதனமாக்கி அடுத்த ஆண்டு சென்னையில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்.

வாரணாசிப் பேச்சில் மண், நீர், பூச்சி எல்லாம் இருந்தன. விளைந்ததை யார் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி வேளாண் விஞ்ஞானியின் உரையில் இடம்பெறவேண்டியதில்லை என்று சொல்லலாம். அதே ஆண்டு முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழவெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, அறுவடைக் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். களத்தில் நெல் கூடுதலாகக் குவிவதை அறுத்துக் கட்டியவர்களைவிடத் துல்லியமாக யார் அறிவார்? மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இந்தக் கொலைக்கு யூரியா காரணம் என்று சொல்வது அபத்தம். சாதிக்கும் நிலத்துக்கும் அங்கே நூற்றாண்டுகளின் வேர் உண்டு. ஆனால் கூடுதல் விளைச்சல் அந்தப் பழைய பகையைக் கூராக்கியது என்று அன்றைய தஞ்சையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெண்மணிச் செய்தி கேட்டு அங்கே போனவர்களில் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் உண்டு. ஜெகந்நாதன் ராமநாதபுரம் பக்கத்து வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகுதான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டவர்கள். வினோபா பாவேயின் பூதானம் என்ற நிலக்கொடை இயக்கத்தில் நடந்தவர்கள். 1981இல் லாஃப்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும், உழுபவனுக்கு நிலம் கோரும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். முறை எளிமையானது, சலிப்பூட்டுவது. நிலவுடைமையாளரிடம் போய் விலை பேசுவது, வங்கிக் கடனும் அரசு உதவியும் வாங்குவது, பத்திரத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பதிவது. இப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் வந்தது. 1990களில் கடலோர இறால் பண்ணைகள் நெல்வயலை உப்பாக்கத் தொடங்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய் 1996இல் தீர்ப்பு வாங்கினார். 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

இந்த விருதின் பிறப்பே ஒரு மறுப்பிலிருந்துதான். யாகோப் ஃபான் யுக்ஸ்கல் என்பவர் சுற்றுச்சூழலுக்கும் வறியோர் நலனுக்கும் பரிசு ஏற்படுத்தும்படி நோபல் நிறுவனத்தைக் கேட்டார். பொருளியல் பரிசு ஒன்று ஸ்வீடன் மத்திய வங்கியின் பெயரால் அதற்கு முன்பே நுழைந்துவிட்டிருந்தது. இனிப் புதிதாக எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தம் தபால்தலைச் சேகரிப்பை விற்று 1980இல் தனியாகத் தொடங்கினார். ‘மாற்று நோபல்’ என்று பத்திரிகைகள் அழைப்பது அரைப் புகழ்ச்சிதான். ஆனாலும் விழா நடந்தது ஹேபர் பரிசு வாங்கிய அதே ஸ்டாக்ஹோமில்.

1918இன் பரிசு நெல்லை விளைவித்த நைட்ரஜனுக்கு. 1987இன் பரிசு அந்த நைட்ரஜனுக்கு ஏற்ற பயிரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்தவருக்கு. 2008இன் விருது, விளைந்ததில் பங்கு கேட்டதற்காக எரிக்கப்பட்டவர்களின் ஊரில் நிலத்தைப் பெயர் மாற்றி எழுதவைத்தவர்களுக்கு. ஒரே யூரியா மூட்டையைச் சுற்றி மூன்று தலைமுறை நடுவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். மூன்றும் சரி. எதுவும் தனியாகப் போதாது. முதல் பரிசை மட்டும் பார்ப்பவர் அறிவியலை வணங்குவார். கடைசியை மட்டும் பார்ப்பவர் அறிவியலைத் திட்டுவார். இரண்டுமே சோம்பேறித்தனம்.

கிருஷ்ணம்மாளின் வழியில் நிலம் பெற்ற குடும்பங்களும் அந்த ஓர் ஏக்கரில் யூரியாதான் போடுகிறார்கள். 45 கிலோ மூட்டை ரூ. 266 சொச்சத்துக்குக் கிடைக்கிறது. மீதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. மலிவு என்பதால் அளவு மீறுகிறது. போட்டதில் பெரும்பகுதி பயிருக்குச் சேராமல் நீரிலும் காற்றிலும் கலக்கிறது. இந்தக் கழிவைக் குறைக்க வழி காண்பவருக்கு இன்னொரு பரிசு இருக்கும். அதையும் நான் கைதட்டியே வரவேற்பேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோபலுக்கு யாரும் யாரையும் முன்மொழிந்துவிட முடியாது. பேராசிரியர்கள், கழக உறுப்பினர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் என்று அழைப்பு பெற்றவர்களே எழுதலாம். அவர்கள் எழுதியது 50 ஆண்டுகளுக்குப் பூட்டில் இருக்கும். நன்மை யாருக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்களோ அந்த மனிதகுலத்துக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யாரும் பெயர் அனுப்பலாம். நாகப்பட்டினத்துக் கூலிக்காரப் பெண் ஒருவர் தபாலில் எழுதிப் போட்டாலும் எடுத்துப் படிக்கக் கடமைப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.